லியாண்டர் பேசாமல் உட்கார்ந்த சாயங்காலம்

லியாண்டருக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டு. ஊரில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் நிற்கிற ஆள் தான்தான் என்று நினைத்திருந்தார். இளவட்டக் காலத்திலிருந்து கடலில் மீன் பிடித்தவர். முதுகுவலி முடக்கியதும் படகை மகனிடம் கொடுத்துவிட்டார். அதன்பின் பொழுது போக அவருக்கு வாய்த்தது பிறர் துன்பம்தான். அவரைக் கேட்டால், "மனசு கேக்கல, போனேன்" என்பார்.

அந்த வருஷ வசந்தத்தில் அதே ஊர் ஹூபர்ட் மாரடைப்பில் போனார். அவர் மனைவி டோர்கஸ் வீட்டுக்கு லியாண்டர் கோடை முழுக்க ஒரு சாயங்காலம் தவறாமல் போய்வந்தார். நான் இல்லாவிட்டால் அவள் ஒடிந்து போயிருப்பாள் என்று மனைவி மெல்வினாவிடம் பலமுறை சொன்னார்.

கிறிஸ்துமஸ் வந்தது. அந்த நாட்களில் எங்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மம்மர்கள் என்கிற வேடக்காரர்கள் வீடு வீடாக வருவார்கள். ஆண் பெண்ணாக, பெண் ஆணாக வேடம் போட்டு, முகத்தை மூடி, குரல் பிடிபடாமலிருக்க மூச்சை உள்ளே இழுத்தபடி பேசுவார்கள். இன்னார் என்று வீட்டார் சரியாகச் சொல்லிவிட்டால் வந்தவர் முகத்திரையைத் தூக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கேக்கும் ரம்மும்.

"டோர்கஸ் வீட்டுக்குப் போகணும். பாவம், சிரிச்சே மாசக்கணக்காச்சு," என்றார் லியாண்டர். மெல்வினாவின் பழைய நைட்டிக்குள் முன்னும் பின்னும் தலையணையைக் கட்டி, முகத்தில் ஜன்னல் திரையைத் தொங்கவிட்டார். மெல்வினா அவருடைய ரப்பர் கோட்டை மாட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டு செஸ்லி பாவாடையில் வந்தான்.

"நீங்க மூச்சை எப்படி இழுத்தாலும் முதல் வார்த்தையிலேயே மாட்டிக்குவீங்க," என்றாள் மெல்வினா. சரி, பேசவே மாட்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

டோர்கஸ் கதவைத் திறந்தாள். செஸ்லிக்குக் குறும்பு அதிகம். நேரே போய் ஹூபர்ட்டின் நாற்காலியில் சாய்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனக ஆரம்பித்தான். டோர்கஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சந்தேகமே இல்ல, இது லியாண்டர் அண்ணன். என் புருஷனைப் புதைச்ச அன்னிக்கு அந்த நாற்காலியில உக்காந்தவரு கோடை பூரா எந்திரிக்கல. நான் அழலாம்னு வாயைத் திறப்பேன், அதுக்குள்ள அவரு முதுகுவலி வந்துரும். கடைசியில நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பி வைப்பேன்."

அவள் தப்பாகச் சொல்லியும் செஸ்லி தானே திரையைத் தூக்கிப் பல்லைக் காட்டினான். ஆனால் அதற்கு முன்பே ரப்பர் கோட்டின் தோள்கள் குலுங்கியதை லியாண்டர் பார்த்துவிட்டார். அந்தப் பேச்சுக்கு முதலில் சிரித்தது மெல்வினா. லியாண்டருக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் யாரென்று தெரிந்துவிடும்.

ரப்பர் கோட்டில் இருந்த மெல்வினாவை யாரோ பையன் என்று டோர்கஸ் தப்பாகச் சொல்லிவிட்டு லியாண்டர் பக்கம் வந்தாள்.

"இது யாரு? வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. அடுத்த ஊரா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையுறை போட்ட அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருஷம் ஹூபர்ட் என் பாவாடையையே கட்டிக்கிட்டு இந்த வாசல் வழியா வந்தாரு. எனக்குத் தெரியல. யாரோ வெளியூரான்னு ஒரு துண்டு கேக்கூடக் குடுக்காம அனுப்பிட்டேன். அப்புறம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எனக்கு மட்டும் அது இன்னும் உறுத்துது. யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவள் அழுதாள். லியாண்டர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அவர்கள் கிளம்பும்போது டோர்கஸ், "யாரா இருந்தாலும் சரி, நாளைக்கும் வாப்பா. நீ வந்தது இதமா இருந்துச்சு," என்றாள்.

பனியில் நடக்கும்போது மெல்வினா, "பெருசா எடுத்துக்காதீங்க," என்றாள்.

"நீதான் முதல்ல சிரிச்சே."

"ஆமா," என்றாள் அவள்.

கோடை முழுக்க டோர்கஸ் தன்னிடம் என்ன பேசினாள் என்று அவர் யோசித்தார். தான் சொன்னது ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. அவள் சொன்னதாக எதுவும் தட்டுப்படவில்லை. ஒரு பேச்சு கூடவா, என்று மறுபடி தேடிப் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் அந்த நைட்டியை எடுத்துத் தரச் சொல்லி மெல்வினாவிடம் கேட்டார். லியாண்டராகப் போய் டோர்கஸ் முன்னால் உட்கார வெட்கமாயிருந்தது.