உள்ளேயே கொடுத்துவிடலாம் என்றார்கள்

என் மகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அந்த வழியில் இருக்கிற ஒவ்வொரு பாலமும் ஒன்பது வயதுக்குள் அவளுக்கு மனப்பாடம்.

தலசீமியா என்று பேர். அதை வாயில் நுழைத்துச் சொல்லவே எனக்கு ஆறு மாசம் ஆனது. நான் கட்டியிருப்பது என் தாய்மாமனை, அம்மாவின் கடைசித் தம்பியை. சொந்தத்தை விட்டு வெளியே எங்கள் வீட்டில் பெண் கொடுத்ததே இல்லை. அதில் ஒரு பெருமை வேறு! "உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் ஒரே குறை பாதி பாதியா இருக்கும்மா. உங்கள ஒண்ணும் பண்ணாது. ரெண்டு பாதியும் ஒரு புள்ளகிட்ட சேர்ந்தா இப்படி ஆவும்" என்றார் டாக்டரம்மா. எங்கள் கூடப் பிறந்தவர்களுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி. போன வருஷம் கண்டமங்கலத்திலிருந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்நியம். அப்பாடா என்று இருந்தது எனக்கு. தட்டு மாற்றுவதற்கு நாள் குறித்த பிறகு, "உங்க பரம்பரையிலேயே ரத்த வியாதியாமே" என்று ஃபோனில் கேட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். பஸ்ஸில், வார்டில், யார் விசாரித்தாலும் அழுது எல்லாவற்றையும் கொட்டியவள் நான்தான். "வாய வெச்சிக்கினு சும்மா இருந்தியாடி நீ?" என்று அம்மா என்னை அடிக்காத குறை.

அதற்கப்புறம் செய்தார்களே ஒரு காரியம்! வெளியில் கொடுத்தால்தானே கேள்வி வரும், உள்ளேயே கொடுத்துவிடலாம் என்று பெரிய மாமா பையனுக்கே அவளைப் பேசி முடித்தார்கள். நான் வெந்துகொண்டிருக்கிற அதே நெருப்பில், அதை மறைப்பதற்காகவே, அவளையும் தூக்கிப் போடுகிறார்கள். "அடப் பாவிங்களா, அவனுக்காவது டெஸ்ட் எடுங்க" என்று கத்தினேன். காலில் விழுந்தேன். அவன் சிரித்தான். "எனக்கு இன்னா கொற? நூறு கிலோ மூட்டைய தூக்கறேன் பாரு." என் வீட்டுக்காரரும்தான் மார்க்கெட் கமிட்டியில் தினம் நெல் மூட்டை, மல்லாட்டை மூட்டை தூக்குகிறார். பாதி இருக்கிறவனுக்கு வெளியே ஒன்றும் தெரியாது என்று எத்தனை தடவைதான் சொல்வது? "ஜோசியரே பொருத்தம் பார்த்து சரின்னுட்டாரு, இவ ரத்தத்த புடிச்சிக்கினு பேஜாரு பண்றா" என்றார் அப்பா.

வீட்டில் சொல்லாமல் தங்கச்சியை விழுப்புரம் கூட்டிப்போய் டெஸ்ட் எடுக்க வைத்தேன். ரிசல்ட் வந்த அன்று மகளுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கட்டில் பக்கத்தில் நின்றே பேப்பரைப் பார்த்தோம். தங்கச்சிக்கும் இருந்தது. நாலு நாளில் தட்டு மாற்ற வேண்டும்.

"இத தெரிஞ்சிக்காமயே இருந்திருக்கலாம்க்கா. இவனையும் வேணாம்னா எனக்கு இன்னும் யாரு வருவாங்க? முப்பது ஆவப்போவுது" என்றாள். அவள் சொன்னதும் நிஜம்தான். தெரிந்ததால் என் வீட்டுக்கு வந்தது ஒரு சம்பந்தம் போனதும் ஊர்ப்பேச்சும்தான். அவள் பேப்பரை என் முன்னால் நீட்டினாள்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லு. ஒன் கல்யாணத்துக்கு முன்னாடி இந்தப் பேப்பர யாராவது ஒன் கையில குடுத்திருந்தா, மாமாவ கட்டியிருப்பியா?"

மகள் தூங்குகிறாளா என்று பார்த்தேன். தூங்கவில்லை. ஊசி குத்திய கையை அசைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'கட்டியிருப்பேன்' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் தங்கச்சி அவனையே கட்டிக்கொள்வாள். இன்னொரு குழந்தை இந்தக் கட்டிலில் படுக்கும்.

"மாட்டேன்" என்றேன். "கட்டியிருக்கவே மாட்டேன்."

தங்கச்சி பேப்பரை மடித்துப் பையில் வைத்தாள். அங்கேயே அம்மாவுக்கு ஃபோன் போட்டு, அவன் டெஸ்ட் எடுக்காமல் தட்டு மாற்ற உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் அம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

திரும்பும்போது மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ நானு யாருகிட்டம்மா பொறந்திருப்பேன்?"