வேரைத் தேடிப் போன கிணறு

கல்மரம் கிடைத்திருக்கிறது என்று பேப்பரில் படம் போடும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். பக்கத்தில் யாராவது கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எத்தனை அடி நீளம், எந்தக் காலத்து மரம் என்று கீழே நாலு வரி இருக்கும். கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்தார்கள் என்று எழுதுகிறார்கள். நாங்களும்தான் கண்டுபிடித்தோம். எங்களுக்கு யாரும் படம் எடுக்கவில்லை, நாங்கள் தேடியதும் மரம் இல்லை.

எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எனக்குக் கல்யாணம். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவளைக் கறம்பக்குடிக்கும் கந்தர்வக்கோட்டைக்கும் நடுவில் ஒரு செம்பூரான்கல் பொட்டலில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாகக் கொல்லை இருக்கிறது என்றார்கள். இருந்தது. பெய்தால் வரகும் கடலையும், பெய்யாவிட்டால் கடப்பாரைக்கும் மசியாத சிவப்புக் கல்லும். நான் போன நேரமோ என்னவோ, மழை அடியோடு நின்றுபோனது. வந்தவள் ராசி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மேகத்தைப் பிடித்து முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறேன், வந்து அவிழ்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வாயாடி என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

குளம் வற்றியதும் அதன் நடுவிலேயே குழி பறித்து, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் வழித்துக் குடத்தில் ஊற்றுவோம். காவியைக் கரைத்த மாதிரி இருக்கும். குடத்துக்குள் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து வைத்தால் கலங்கல் அடியில் தங்கிவிடும், பார்வைக்குத் தெளிந்துவிடும். தெளிந்தது பார்வைக்கு மட்டும்தான். என் தலைச்சன் பையன், நடை பழகிக்கொண்டிருந்தவன், அந்தத் தண்ணீரைக் குடித்துப் பேதி கண்டு போய்ச்சேர்ந்தான். கடைசிவரை தண்ணி, தண்ணி என்றுதான் கேட்டான். அதே தண்ணீரைத்தான் கொடுத்தேன். வேறு எது இருந்தது கொடுக்க?

பையனைப் புதைத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மறுநாளே கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டை ஒட்டியிருந்த கொல்லைக்குப் போனார். கிணறு வெட்டப் போகிறேன் என்று சொல்லக்கூட இல்லை. போய்ப் பார்த்தால் முழங்கால் ஆழத்துக்குக் குழி. நானும் கூடையை எடுத்துக்கொண்டேன். அவர் வெட்டுவார், நான் மண்ணை மேலே இழுத்துக் கொட்டுவேன். கூலிக்கு ஆள் வைக்க வக்கில்லை. வக்கிருந்தாலும் ஊரில் ஆள் ஏது? பாதிப் பேர் வடக்கே தஞ்சாவூர்ப் பக்கம் பிழைக்கப் போய்விட்டார்கள்.

செம்பூரான்கல் முடிந்து வெள்ளைக் களி வந்தது. அதற்கும் கீழே, மேலே நின்று பார்த்தால் அவர் தலை மட்டும் தெரிகிற ஆழத்தில், கடப்பாரை ணங்கென்றது.

"ஏ புள்ள, இங்கிட்டு ஒரு மரம் கெடக்கு."

"குழிக்குள்ள ஏதுங்க மரம்? வெயில்ல தலையக் கிலைய சுத்துதா? மேல வாங்க."

"மரந்தான். கணுவெல்லாம் இருக்கு. ஆனா கல்லால்ல இருக்கு."

நானும் இறங்கிப் பார்த்தேன். கிணற்றுக்குக் குறுக்கே படுத்துக் கிடந்தது. அறுத்துப் போட்ட அடிமரம் போலவே இழையும் ரேகையும் கணுவும். தட்டினால் கல். உடைந்த துண்டு ஒன்றை மேலே கொண்டுவந்தோம். எங்கள் ஊரில் எந்தக் கல்லுக்கும் மஞ்சள் பூச ஒரு ஆள் தயாராக இருப்பார். சாயங்காலத்துக்குள் அந்தத் துண்டு ரோட்டோர வேம்படிக்குப் போய்ச் சாமியாகிவிட்டது. ராட்சசன் தொடை எலும்பு என்று சொன்னவர்களும் உண்டு. சாமியோ எலும்போ, அது தண்ணீர் தரவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் வேறு கணக்குப் போட்டார். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுகிறவர்கள் குழிக்குள் வேர் தட்டுப்பட்டால் அதை வெட்டி எறிய மாட்டார்கள். அது எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கமே தோண்டிப் போவார்கள். நமக்குத் தெரியாத ஊற்றுக்கண் வேருக்குத் தெரியும் என்பார்கள். பனைவேரைப் பிடித்துப் போய்த் தண்ணீர் கண்ட குடும்பம் பக்கத்து ஊரிலேயே இருந்தது, அதனால் அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அவர் பிடித்துக்கொண்டது கல்வேரை. மரம் என்றால் வேர் இருக்கும், வேர் என்றால் ஈரம் இருக்கும். மரத்தின் ஒரு பக்கம் பருத்திருந்தது, அதுதான் அடிப்பக்கம் என்று முடிவுகட்டினார். கீழே போக வேண்டிய கிணறு படுத்துக்கொண்டது. பருத்த பக்கமாகச் சுவரைக் குடைந்துகொண்டு போனார்.

"மரமே கல்லாப் போச்சுன்னா, வேரு மட்டும் என்ன பச்சையாவா இருக்கும்? தண்ணி எங்கிட்டு இருந்துங்க வரும்?" என்று கேட்டேன்.

"மரம் பட்டுப்போனாலும் வேரு தண்ணிய விடாது. ஒனக்குப் படிப்பு இருக்கு, மண்ணு தெரியாது" என்றார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் எப்படிப் போயின என்று கோவையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விதைக்கிற மாதிரி மழை பெய்தால் விதைப்போம். மற்ற நாளெல்லாம் குடைச்சல்தான். மண் சரிந்து அவரை மூடிவிடுமோ என்று ஒவ்வொரு கூடைக்கும் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பேன். உள்ளிருந்து "ம்" என்று வந்தால்தான் எனக்கு மூச்சு வரும். இதற்கு நடுவில் ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அப்பா என்றால் குழிக்குள்ளிருந்து வெள்ளைப் புழுதியோடு எழுந்துவருகிற ஆள்.

மரத்தின் பருத்த முனை ஒரு நாள் தட்டுப்பட்டது. வேர் இல்லை. ஆட்டுக்கல் குழவி போல வழவழவென்று உருண்டு முடிந்திருந்தது. அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன், சந்தோஷம்கூடப் பட்டேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒடஞ்சு தள்ளிப் போயிருக்கு. வேரு இன்னும் அங்கிட்டு இருக்கும்" என்று சொல்லி மேலும் குடைய ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இந்த மனுஷர் தண்ணீருக்காக வெட்டவில்லை. பையன் போனது வீண் இல்லை என்று யாரிடமோ நிரூபிக்க வெட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கோடையில் மகளுக்கும் வயிற்றால் போகத் தொடங்கியது. கண் உள்ளே போய், உதடு காய்ந்து, அவனைப் போலவே கிடந்தாள். கைவைத்தியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, வெட்டாற்றங்கரையில் என் அண்ணன் ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறார். போனால் ஆறு இருக்கிறது, வேலை இருக்கிறது, பிள்ளை பிழைக்கும். குழிக்கு மேலே நின்று கத்தினேன்.

"ஏங்க, ஒண்ண மண்ணுக்குக் குடுத்தாச்சு. இதையும் குடுக்கணுமா? மேல வாங்க, போயிருவோம்."

"ஈரம் தட்டுது புள்ள. இன்னும் கொஞ்சந்தான்."

அது அவர் வேர்வை. கூடையில் வந்த மண்ணைப் பிசைந்து பார்த்தேன், பொடிப் பொடியாக உதிர்ந்தது. அவரை விட்டுவிட்டுப் பிள்ளையோடு நான் மட்டும் கிளம்பினால், குடைந்த குழிக்குள் அவர் தனியாக இருப்பார். மண் சரிந்தால் குரல் கொடுக்கக்கூட ஆள் இல்லை. நான் கிளம்பாவிட்டால் பிள்ளை போய்விடும். கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அழுதேன்.

அப்போதுதான் அந்த ஜீப் வந்தது. பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற சர்க்கார் ஆபீஸர். வேம்படியில் மஞ்சள் பூசி வைத்திருந்த துண்டைப் பார்த்து, எங்கே கிடைத்தது என்று கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். கிணற்றோரம் குவித்திருந்த துண்டுகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததே, அதைச் சொல்ல வேண்டும். மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?"

வீடு தேடி வந்தவர் கேட்டால் இல்லை என்று சொல்லலாமா? பிள்ளைக்கு வைத்திருந்ததில் அரைச் செம்பு கொண்டுவந்தேன். அவர் குடிக்கவில்லை. அதை அப்படியே கல்மேல் ஊற்றினார். நனைந்ததும் ரேகையெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்தச் செம்பாலேயே அவர் மண்டையில் போட்டிருப்பேன். குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்கு என் முகம் தெரியவில்லை.

புழுதியோடு மேலே வந்து நின்ற என் வீட்டுக்காரரிடம் அவர் சொல்ல ஆரம்பித்தார். இது நிஜமாகவே மரமாக இருந்தது. மண்ணுக்குள் புதைந்து, தண்ணீரில் கரைந்து வந்த கல்சத்து உள்ளே ஏறி, இழைக்கு இழை கல்லாகிவிட்டது. மனுஷனே பிறக்காத காலம்.

"வேரு எங்கிட்டுங்க சார் இருக்கும்?"

"வேர் இங்க இருக்காதுங்க. இது இங்க முளைச்ச மரமே இல்ல. பட்டை இல்ல, கிளை இல்ல, முனையைப் பாருங்க, எப்படி உருண்டிருக்கு. மேற்கே எங்கயோ இருந்த காட்டுல இருந்து வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்திருக்கு. அவ்வளவு பெரிய ஆறு. இந்த ஊர் முழுக்க அப்ப ஆத்துக்குள்ள இருந்திருக்கும்."

ஆறு. கொட்டாங்கச்சியால் நாங்கள் வழித்துக்கொண்டிருந்த இடத்தில் ஆறு. ஆபீஸருக்கு அது சந்தோஷமான சேதி, அதனால் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர்மேல் தப்பில்லை. என் வீட்டுக்காரர் அங்கேயே மண்மேட்டில் உட்கார்ந்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"அது குடிக்கிற தண்ணிங்களா சார்?"

ஆபீஸர் இதை எதிர்பார்க்கவில்லை. "ஆத்துத் தண்ணிதானே. நல்ல தண்ணியாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

"கேட்டியா புள்ள" என்று என் பக்கம் திரும்பினார். "நல்ல தண்ணியாம்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வாய் கோணிக்கொண்டது. பையனைப் புதைத்த அன்று வராத அழுகை முழுவதும் அந்த அந்நியர் முன்னால் வந்தது. ஆபீஸருக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்குள் கையைக் காட்டினேன். கயிற்றுக்கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் கல்லையெல்லாம் போட்டுவிட்டு ஜீப்பைத் திருப்பச் சொன்னார். என் வீட்டுக்காரர் தானே எழுந்துபோய் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கடப்பாரை குழிக்குள்ளேயே கிடந்தது. எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவள் கையில் ஊசியைக் குத்தி, கட்டிலுக்கு மேலே ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் கண்ணைத் திறந்து, பசிக்குது என்றாள். என் வீட்டுக்காரர் நர்ஸம்மாவிடம் போய், ரொம்பத் தயங்கி, "அது என்ன மருந்துங்க?" என்று கேட்டார்.

"மருந்தெல்லாம் பெருசா ஒண்ணுமில்லங்க" என்றார் அந்த அம்மா. "கொஞ்சம் உப்பு போட்ட தண்ணிதான்."