கேஜில் இருந்த கிரீடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். அதிகம் படித்தவன் இல்லை நான். மாதாவைப் பற்றி எழுதும்போது ஒரு சொல் தப்பாக விழுந்தாலும் மனசு உறுத்துமே என்ற பயம். என் மனைவிதான், "அந்த சிஸ்டருக்காகவாவது எழுதுங்க" என்றாள். ஜெபம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் கேஜிஎஃப் தங்கச் சுரங்கப் பகுதியில், நந்திதுர்க்கில் இருக்கிறோம். கோயில் கூப்பிடு தூரம். மாதா சொரூபத்துக்கு உடை மாற்றுவதும், பூசைச் சாமான் அறையின் சாவியும் என் மனைவி பொறுப்பு. கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் வாங்கியவள் அவள். சிலர் அதை மறப்பதே இல்லை.

அந்த வருஷம் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் பெட்டியைத் திறந்தால், மாதாவின் கிரீடம் இல்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு கிரீடத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பூஜாடி கழுவப் போனவள், திரும்பி வந்து பெட்டியைத் திறந்து பார்க்காமலே பீரோவில் பூட்டியிருக்கிறாள்.

பாட்டுக்குழு அக்கா ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "நேத்து வந்தவங்க கைல சாவியக் குடுத்தா இப்டித்தான் ஆவும்."

என் மனைவி சாவியை ஃபாதரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "அது கெடைக்காம நான் கோயில் படி ஏற மாட்டேன்." இருபது வருஷம் அவள் பூ வைத்த மாதா.

மதியம் கான்வென்டிலிருந்து வயதான சிஸ்டர் வந்தார். எண்பதைத் தாண்டியவர். அவர் அப்பாவும் இங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான்.

"அழுதது போதும்மா, டீ போடு. சக்கர தூக்கலா. மதர்கிட்ட சொல்லிடாத."

டீயோடு விசாரணையும் ஆரம்பித்தது.

"பொட்டில இன்னா இன்னா இருந்துச்சி?"

"கிரீடம், அதச் சுத்துற துணி, பாலிஷ் டப்பா. ஒண்ணுமே இல்ல சிஸ்டர்."

"பாலிஷ் டப்பாவ எந்தத் திருடன்மா தூக்கினு போவான்? இது தேய்க்கிறவன் வேல."

சப்பரம் ஜோடித்து, கோயில் விளக்கெல்லாம் தேய்த்துக் கொடுக்கும் பெரியவர் ஞாபகம் அப்போதுதான் வந்தது. சுரங்கத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். கண் ஆபரேஷனுக்கு வேலூர் போயிருந்தார். போன் போட்டேன். மகள் எடுத்து, கேட்டுச் சொன்னாள்: "கேஜ்ல வெச்சிருக்காராம் அண்ணா."

"எந்தக் கேஜு?"

"கேஜ் தெரியாதா அவனுக்கு? கேஜிஎஃப்லதான பொறந்தான்?" என்று பெரியவர் கத்துவது எனக்கே கேட்டது. யாரோ நர்ஸ் அதட்ட, போன் கட்டானது.

விஷயம் பரவியதும், பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் எங்கள் வாலிபர்கள் தெருவில் இருந்த கோழிக்கூண்டை எல்லாம் குடைந்தார்கள். கொத்து வாங்கியதுதான் மிச்சம்.

சிஸ்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கோழி இருக்கிறத அவரு கூண்டுன்னுதான்பா சொல்வாரு. கேஜுன்னா சொரங்கத்துக்குள்ள ஆளு எறங்குற லிஃப்ட்டு."

"மைன்ஸ மூடியாச்சே சிஸ்டர்?"

"கம்பி வெச்ச கதவு. உள்ள இருட்டு. கனமா போறவன் லேசா வருவான். எங்கப்பா சனிக்கெழம ஆனா 'கேஜ் ஏறிட்டு வரேன்'னு எங்க போவாரு தெரியுமா? பாவசங்கீர்த்தனத்துக்கு!"

கோயில் ஓரத்தில், சனங்கள் தங்கள் பாவத்தைச் சொல்ல ஃபாதர் உள்ளே உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கிற பழைய மரக்கூடு ஒன்று நிற்கிறது. ஃபாதர் இப்போது நாற்காலியில் உட்கார்ந்தே கேட்பதால் அதை யாரும் திறப்பதில்லை. சிஸ்டர் குனிந்து நுழைந்தார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "கேஜ் மேல வருது, வழி விடுங்க!"

சுற்றியிருந்த துணியை விலக்கியதும் கிரீடம் அவர் கையில் பளபளத்தது. என் மனைவி பூஜாடி கழுவப் போன நேரத்தில் பெரியவர் அதை எடுத்துப்போய், வீட்டில் வைத்துத் தேய்த்துக் கொண்டுவந்தபோது அறை பூட்டியிருந்ததாம். வேலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஃபாதரே வீட்டுக்கு வந்து சாவியைக் கொடுத்தார். கிரீடம் சூட்ட என் மனைவி ஸ்டூலைப் போட்டபோது, அந்தப் பாட்டுக்குழு அக்கா ஓடிவந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டார். "ஏறும்மா. நான் புடிச்சிக்கினேன். வாய்தான் எனக்குக் கெட்டது, கை நல்லாருக்கும்." என் மனைவி சிரித்துவிட்டாள். ஸ்தோத்திரம்!

இப்போது பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில், மாதா சிஸ்டருக்குக் காட்சி தந்து இடத்தைச் சொன்னதாகப் பேசிக்கொள்கிறார்கள். மல்லிகை வாசனை வேறு வந்ததாம். அந்தக் கூட்டுக்குள் அன்றைக்கு அடித்தது பாலிஷ் வாசனைதான். சிஸ்டரிடம் சொன்னால், "எனக்கு மூள குடுத்த ஆண்டவரு கோச்சிக்கப் போறாருப்பா" என்கிறார். ஆகவே வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்திலும் இதைச் சொல்லுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். மல்லிகையைச் சேர்க்க வேண்டாம். பாலிஷையும் எடுத்துவிட வேண்டாம்.