ஜூன் ஒன்றாம் தேதி பிறந்த பிள்ளைகள்

1. முதல் கையெழுத்து

இளைஞர் நீதிக் குழுமத்தின் உத்தரவில் நான் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாளில், எனக்கு எந்தப் பயிற்சியும் தரப்பட்டிருக்கவில்லை. பதினெட்டு வயது நிறையாதவர்கள் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இடம் அது. நீதித்துறை நடுவர் ஒருவர் தலைமை வகிப்பார். அவருக்கு இரு பக்கமும் சட்டம் படிக்காத இரண்டு உறுப்பினர்கள் உட்காருவார்கள். மூவரும் சேர்ந்ததுதான் நீதிமன்றம். அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற பிறகு நான் அந்த இருவரில் ஒருத்தியானேன்.

அலுவலக எழுத்தர் கேட்டார்: "ட்ரெயினிங் முடிச்சிட்டீங்களா மேடம்?"

"அடுத்த மாசம்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப இன்னைக்கு?"

"இன்னைக்குக் கையெழுத்துதான்."

அவர் சிரிக்கவில்லை. எங்கே கையெழுத்திட வேண்டும் என்று பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போட்டுத் தந்தார்.

2. பயிற்சி

பிறகு சென்னையில் பயிற்சி நடந்தது. நல்ல பயிற்சிதான். பிரிவு பிரிவாக விளக்கினார்கள். குழந்தையைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் கேட்கக் கூடாது, காவலர் சீருடையில் வரக் கூடாது என்பதெல்லாம் அங்கேதான் கற்றேன். வயதைப் பற்றி ஒரே ஒரு ஸ்லைடு. வயதில் சந்தேகம் வந்தால் முதலில் பள்ளிச் சான்றிதழ். அது இல்லை என்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லை என்றால் மருத்துவப் பரிசோதனை. வரிசை மாறக் கூடாது. யாரும் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

3. ஒன்பது மாதம்

சட்டப்படி அந்தப் பையனின் பெயரைச் சொல்லக் கூடாது. குமார் என்று வைத்துக்கொள்வோம். அடி அண்ணாமலையைச் சேர்ந்தவன், ஐ.டி.ஐ. மாணவன். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் அம்மாவின் இளநீர்க் கடைக்கு முன்னால் வண்டி நிறுத்துவதில் தகராறு. குமார் கட்டையால் அடித்ததில் ஒருவருக்கு முழங்கை எலும்பு முறிந்தது. அடித்ததை அவன் மறுக்கவில்லை.

முகத்தைப் பார்த்துச் சின்னப் பையன் என்று போலீசார் எங்களிடம் கொண்டுவந்தார்கள். அடுத்த அமர்வில் பள்ளியின் டி.சி. வந்தது. பிறந்த தேதி ஜூன் ஒன்று. அதன்படி சம்பவத்தன்று அவனுக்குப் பதினெட்டு வயது இரண்டு மாதம். ஆதாரும் அதைத்தான் சொன்னது, டி.சி.யைப் பார்த்துப் போட்ட ஆதார். வயது நிறைந்தவன் என்று முடிவானால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும். அவன் வேலூர் சிறைக்குப் போவான். தண்டனை கிடைத்தால் அது ஆயுளுக்கும் அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவன் அம்மா ஒரு காகிதத்தை நீட்டினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்ததற்கான பிறப்புச் சான்றிதழ். மார்ச் மாதத் தேதி. அதன்படி பதினேழு வயது ஐந்து மாதம். ஆனால் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"பேரே இல்லையேம்மா இதுல" என்றேன்.

"பொறந்த அன்னைக்கே எவங்க மேடம் பேரு வெப்பாங்க? அப்பறமா வெச்சோம். அப்பா பேரு, அம்மா பேரு கீது பாருங்க. எனக்கு ஒரே பையன். மூத்தது பொண்ணு."

"ஸ்கூல் சர்டிபிகேட் இருக்கும்போது இதைப் பாக்க முடியாதும்மா."

பயிற்சியில் சொன்னதை எழுத்து மாறாமல் சொன்னேன். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நடுவர் உத்தரவை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தார். போகும்போது அந்த அம்மா எங்களிடம் இல்லை, மகனிடம் சொன்னார்: "வயசை ஜாஸ்தியா போட்டாதான் சேத்துக்குவேன்னு அந்த டீச்சரு சொன்னாங்கடா. நானும் சரின்னுட்டேன். என்னைத்தான் செருப்பால அடிக்கணும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த டீச்சர் நான் இல்லை; அது வேறு பள்ளி. ஆனால் அதே வேலையை நானும் செய்திருக்கிறேன். ஐந்து வயது நிறையாத பிள்ளையைக் கூட்டிவந்து, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று தாய் அழுவாள். அந்த ஆண்டு சேர்க்கையும் குறைவாக இருக்கும். வயது நிறையும்படி ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவோம். ஒரு பிள்ளைக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தேன். பதிமூன்று ஆண்டுகள் கழித்து அந்தத் தேதி ஒருவனைச் சிறைக்கு அனுப்பக்கூடும் என்று நினைத்ததில்லை.

இதை நடுவரிடம் அவர் அறையில் சொன்னேன். என்னைவிட இருபது வயது இளையவர். பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம் மேடம். ஆனா உங்களுக்குத் தெரியும்கிறதை நான் ஆர்டர்ல எழுத முடியாது. சாட்சி வேணும்."

"டி.சி. நகல் சார். அசல் சேர்க்கைப் பதிவேடு. அதை வரவழைங்க."

"அதுலயும் ஜூன் ஒன்னுதான இருக்கும்?"

"இருக்கும் சார். நாம அந்த ஒரு வரியை மட்டும் பாக்க வேணாம். பக்கத்தையே பாக்கணும்."

4. பக்கம்

அடுத்த அமர்வுக்கு இப்போதைய தலைமையாசிரியர் பதிவேட்டோடு வந்தார். குமார் சேர்ந்த பக்கத்தில் பதினான்கு பிள்ளைகள். அதில் ஒன்பது பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். வயதுக்கு ஆதாரம் என்ற கட்டத்தில் ஒன்பது பேருக்கும் 'பெற்றோர் வாய்மொழி'.

உறுதிமொழி எடுத்த தலைமையாசிரியரிடம் நானே கேட்டேன்: "ஒன்பது பேரும் ஒரே நாள்ல பொறந்தாங்களா சார்?"

"அப்ப நான் இந்த ஸ்கூல்ல இல்லீங்க மேடம்."

"அதைக் கேக்கல."

அவர் பதிவேட்டைப் பார்த்தார். "வயசு கம்மியா இருந்தா இப்படி எழுதிடறது வழக்கம்ங்க. அட்மிஷன் காட்டணும்ல."

நடுவர் அந்த வாசகத்தை அப்படியே பதிவு செய்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "அந்தச் சர்டிபிகேட்டைக் கொடுங்கம்மா" என்றார். சுகாதார நிலையத்தின் பிரசவப் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். தாய், தகப்பன் பெயர், ஊர், தேதி எல்லாம் பொருந்தின.

பள்ளிச் சான்றிதழ் நம்பத்தக்கதல்ல, குமார் சம்பவத்தன்று பதினெட்டு வயது நிறையாதவன் என்று முடிவு செய்தோம். பதிவேட்டைப் பற்றிய பத்தியை என்னையே எழுதச் சொன்னார் நடுவர். ஒரு சொல்லைக்கூட அவர் அடிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ பாராட்டுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். எதையும் சட்டம் போட்டு மாட்டியதில்லை. அந்தப் பத்தியை மாட்ட முடிந்தால் மாட்டுவேன்.

வெளியே வராந்தாவில் தலைமையாசிரியர் நின்றிருந்தார். "இதனால என் மேல ஏதாவது வருமா மேடம்?"

"வந்தா மொதல்ல என்கிட்ட வரட்டும் சார். உங்களைவிட நான் ஜாஸ்தி எழுதியிருக்கேன்."

குமார் எலும்பை முறித்ததற்கான விசாரணை எங்களிடமே தொடர்ந்தது. அதற்குரிய உத்தரவையும் போட்டோம். அவன் ஐ.டி.ஐ.யை முடித்தான்.

சட்டம் படிக்காத எங்களுக்குத் தரும் பயிற்சி போதுமா என்று கேட்கிறார்கள். போதாது. அன்று என் இடத்தில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர் உட்கார்ந்திருந்தால் பையன் வேலூர் போயிருப்பான். அதில் அவர் தவறு ஒன்றும் இருந்திருக்காது. அடுத்த பயிற்சியில் கருத்துக் கேட்டபோது ஒன்றுதான் எழுதிக் கொடுத்தேன். ஒரு காகிதத்துக்கு முதலிடம் என்று கற்பிக்கும்போது, அந்தக் காகிதத்தை எழுதுபவரையும் ஒரு மணி நேரம் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன்.