ஆணியில் தொங்கிய பேணி

நிலமானிய முறை படிப்பிக்கும் நாளில் கரும்பலகையில் ஒரு கூம்பு கீறுவேன். உச்சியில் அரசன், கீழே பிரபுக்கள், அதற்கும் கீழே குதிரை வீரர்கள், அடியில் அகலமாகப் பண்ணையடிமைகள். ஐரோப்பா, மத்திய காலம். அடிமை நிலத்தை விட்டுப் போக ஏலாது. நிலம் கைமாறினால் அவனும் சேர்ந்து கைமாறுவான். பிள்ளைகள் கொப்பியில் வடிவாக நிறம் தீட்டுவார்கள். அரசனுக்கு எப்போதும் மஞ்சள்.

போன தவணை முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி எழும்பிக் கேட்டாள்.

"ரீச்சர், எங்கட ஊரிலயும் இப்பிடி இருந்ததோ?"

"அதெல்லாம் அந்தக் காலம், பிள்ளை. இரு."

சொல்லி முடிக்கவில்லை, என் முதுகுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினால் கரும்பலகைதான்.

அது அப்பாவின் செருமல். அப்பா செத்து ஆறு வருசம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது வீட்டில் ஏதாவது முறை தவறினால் அவர் ஏசமாட்டார், ஒருதரம் செருமுவார். அம்மாவின் கை அந்தரத்தில் நிற்கும். ஆள் போனாலும் செருமல் போகவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. வரலாறு படிப்பிக்கிறவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிக்கும்.

குளத்துப் பாசனத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்தபோது எங்கள் ஆட்கள் மாடு, கலப்பையோடு ஒரு மனிதரையும் கூட்டிவந்தார்கள். அவருடைய தகப்பன் என் அப்பப்பாவுக்குப் பரம்பரைக் குடிமை வேலை செய்தவர். அதனால் இவர் என் அப்பாவுக்கு. வேறு காரணம் ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் அப்பாவுக்கு மூத்தவர். ஆனால் ஐந்து வயதில் நான் அவரைப் பெயர் சொல்லி "வாடா" என்று கூப்பிடுவேன். அவர் அப்பாவை "நயினார்" என்பார், என்னைச் "சின்ன நாச்சியார்" என்பார்.

குசினிக்குப் பின்னால் நின்ற வேப்பமரத்தில் ஓர் ஆணி. அதில் அவர் தண்ணீர் குடிக்கிற அலுமினியப் பேணி தொங்கும். தாகம் என்றால் அவரே அதை எடுத்து நீட்டுவார். நாங்கள் மேலே இருந்து ஊற்றுவோம். எங்கள் செம்பு அவருடைய பேணியில் முட்டக்கூடாது. ஆறு வயதிலேயே நான் ஒரு துளி சிந்தாமல் ஊற்றப் பழகிவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா அதைப் பெருமையாகச் சொல்லுவா.

கடைசிச் சண்டையில் எல்லாரும் ஓடினோம். அம்மா வழியிலேயே போய்விட்டா. அப்பாவுக்குக் காய்ச்சல், நடக்கமாட்டார். அந்த மனிதர்தான் அவரை முதுகில் சுமந்தார். ஒருநாள் பங்கர்க் குழிக்குள் அப்பா தண்ணீர் கேட்டார். எங்கள் போத்தல் காலி. அந்த மனிதர் தான் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பால்மாத் தகர ரின்னை நீட்டினார். அப்பா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு வாங்கி முழுவதையும் குடித்தார். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இதை வெளியில கதைக்கக்கூடாது."

"ஓம் நயினார்" என்றார், தண்ணீர் கொடுத்தவர்.

சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. வேப்பமரம் மட்டும் பாதிக் கொப்போடு நின்றது. கிணற்றடியைத் துப்புரவாக்கும்போது மண்வெட்டியில் ஏதோ தட்டுப்பட்டது. அவருடைய பேணி, ஒரு பக்கம் நெளிந்துபோய். நான் அதைச் சாம்பல் போட்டு மினுக்கிக் கழுவி, அந்த ஆணியிலேயே கொண்டுபோய்க் கொழுவினேன்.

ஏன் கொழுவினேன்? இதைத்தான் இத்தனை வருசமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. பட்டதாரி நான், வரலாறு படித்தவள். எல்லாம் தொலைந்துபோன வளவில் ஒரு சாமான் தன் இடத்துக்குத் திரும்பி வந்ததே என்று அப்போது சந்தோசம்கூடப் பட்டேன். அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அடுத்த நாள் அவர் பற்றை வெட்ட வந்தார். மத்தியானம் தண்ணீர் குடிக்க வேப்பமரத்தடிக்குப் போனவர், பேணியைக் கண்டு கனநேரம் நின்றார். பிறகு எடுத்து நீட்டினார். நான் மேலே இருந்து ஊற்றினேன். சிந்தவில்லை. குடித்தார், கழுவினார், திரும்பக் கொழுவினார்.

"போயிட்டு வாறன் நாச்சியார்" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை.

"இப்ப அவையள் பெரிய ஆக்களாயிட்டினம்" என்று அப்பா சாகும்வரை புறுபுறுத்தார். அப்பா செத்த கையோடு பேணியைப் பழைய இரும்பு வாங்குகிறவனிடம் தூக்கிக் கொடுத்தேன். ஆணியைப் பிடுங்க முடியவில்லை. மரப்பட்டை அதை மூடி வளர்ந்துவிட்டது. காற்று அடித்தால் அந்தப் பக்கம் இப்போதும் 'ணங்' என்று கேட்கிறது. தொங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

வகுப்பில் அந்தப் பிள்ளை கேள்வி கேட்ட கிழமைதான், கண்டாவளையிலிருந்து வரும் சக ஆசிரியை ஒருத்தி சொன்னா, அந்த மனிதர் அங்கே மகள் வீட்டில் படுக்கையில் விழுந்துவிட்டாராம், இனி அதிக நாள் தாங்காதாம் என்று. சனிக்கிழமை காலையிலேயே வெளிக்கிட்டேன். கிளிநொச்சியில் பஸ் மாறினேன். வழி முழுக்க ஒரு சொல்லைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். "அப்பு". தகப்பனைக் கூப்பிடுகிற மாதிரி அவரை ஒருதரம் அப்பு என்று கூப்பிட வேண்டும். அவருடைய வீட்டுப் பேணியில் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். மன்னிப்பு என்ற சொல் வாயில் வராவிட்டாலும் இந்த இரண்டும் நடந்தால் போதும், அவருக்கு விளங்கும் என்று நினைத்தேன். அவர் கண் மூடுவதற்குள் நடக்க வேண்டும்.

அவருடைய மகளின் வீடு, முன்னால் அவர்களுடைய சொந்த வயல். மகள் என் வயதுக்காரி, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். "வாங்கோ ரீச்சர், இருங்கோ" என்று கதிரை இழுத்துப் போட்டாள். அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஒரு கைப்பிடி அளவு மனிதராக அவர் கிடந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"நாச்சியார் வந்திருக்கிறா. சோடா வாங்கிக் குடு பிள்ளை."

சோடா. எங்கள் ஆட்கள் அவர்களுடைய வீட்டுக்குப் போனால் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அது தெரிந்து, மரியாதை கெடாமல், கடையில் மூடி உடைக்காத சோடாப் போத்தல் வாங்கிக் கொடுப்பார்கள். போத்தலுக்குத் தீட்டு இல்லை. சாகக் கிடக்கும்போதும் அவர் என் முறையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"சோடா வேண்டாம். தண்ணி போதும்" என்றேன்.

மகள் என்னை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்கெண்டு வேற பேணி எங்கட வீட்டில இல்லை, ரீச்சர்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். "நீங்கள் குடிக்கிறதிலயே தாங்கோ" என்றேன். உள்ளே போய் ஒரு எவர்சில்வர் பேணியில் கொண்டுவந்தாள். அதை வாங்கிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் போய், அவர் பார்க்க, வாய் வைத்துக் குடித்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"அப்பு."

அவர் சந்தோசப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவருடைய கண் பயத்தில் விரிந்தது. கையை நீட்டிப் பேணியை என்னிடமிருந்து பறிக்கப் பார்த்தார். அது நழுவிச் சீமெந்து நிலத்தில் விழுந்து உருண்டது.

"வேண்டாம் நாச்சியார்… நயினார் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

அவர் பார்த்தது என்னை அல்ல, எனக்குப் பின்னால் வாசலை. மகள் குனிந்து அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, "அவர் செத்துப் போனார் அப்பு, அங்க ஒருத்தரும் இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நானும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அந்தச் செருமலுக்காக.