சோளக்காட்டு ஓரத்து வாள்

மாலை ஆறு பத்துக்குப் பதற ஆரம்பித்தேன். ஐந்தரை பஸ்ஸில் இறங்கி நடந்து வரவேண்டிய மகளைக் காணவில்லை. தேடிப் போன வழியில், கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவர் சோளக்காட்டு ஓரம் நீளமான மரவாளை இரண்டு கையாலும் ஓங்கி வீசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு எட்டு வைப்பார். ஈரக் கரிசல் பாதத்தில் அப்பிக்கொள்ளும். வாள் நுனியால் அதை வழித்துவிட்டு மறுபடி ஓங்குவார்.

“சிலம்பமா?”

“இல்ல அண்ணாச்சி, வெளிநாட்டு வாள்வீச்சு. செல்லுல பாத்துப் பழகுதேன். ஊருக்குள்ள பழகுனா சிரிக்காவ.”

மகளைக் காணோம் என்றதும் வாளைத் தோளில் போட்டுக்கொண்டு, “ஏட்டி பாப்பா!” என்று கத்தியபடி எனக்கு முன்னால் ஓடினார். யாரோ பெற்ற பிள்ளைக்காக அப்படி ஓடியவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சற்றுத் தள்ளி, சோளத்தட்டைகளை விலக்கிக்கொண்டு மகள் தலையை நீட்டினாள்.

“அப்பா, மொதல்ல அவியள அந்த வாளக் கீழ போடச் சொல்லுங்க. அதுக்குப் பயந்துதான் இவ்வளவு நேரம் உள்ளயே உக்காந்திருக்கேன்!”