நேர்ந்துகொண்ட முடி

எங்கள் வீட்டுக் குளியல் தொட்டி அடிக்கடி அடைத்துக்கொள்ளும். வருகிற பிளம்பர் நீளமான கம்பியை உள்ளே விட்டு இழுப்பார். கறுப்பாக, கொத்துக் கொத்தாக முடி வரும். இந்த வீட்டில் எத்தனை பெண்கள் என்று ஒருமுறை கேட்டார். இரண்டு பேர், அதில் ஒருத்தியின் முடிதான் இவ்வளவும் என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

என் மகளுக்குப் பதினொரு வயது. பிறந்ததிலிருந்து அவள் தலையில் கத்திரிக்கோல் பட்டதில்லை. பின்னலைப் பிரித்துவிட்டால் இடுப்புக்குக் கீழே தொங்கும். இங்கே அமெரிக்காவில், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் புடவைக் கடைக்குப் போனால் முன்பின் தெரியாத ஆன்ட்டிகள் நிறுத்தி, "என்ன எண்ணெய் போடறீங்க?" என்று கேட்பார்கள். எண்ணெய் எல்லாம் ஒன்றுமில்லை. அது விசாவால் வளர்ந்த முடி.

அவள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தாள். ஒரு நாள் மதியம் டாக்டர் வந்து, இன்றும் நாளையும் தாண்டினால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு அவள் உச்சந்தலையைத் தொட்டேன். "மாதாவே, இவளப் பொழைக்க வை. இவ மொத முடிய வேளாங்கண்ணில வந்து எடுக்கிறேன்" என்று வாய்விட்டே சொன்னேன். கணவர் பக்கத்தில்தான் நின்றார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

நான் தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவள். எங்களுக்கு நேர்ச்சை, மொட்டை எல்லாம் சகஜம். கணவர் வீடு திருநெல்வேலிப் பக்கம், சீர்திருத்தச் சபை. அங்கே மாதாவிடம் எதுவும் கேட்பதில்லை, மொட்டையும் போடுவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நானும் அவருடைய சபைக்குத்தான் போகிறேன். "ஒங்காளுவளுக்குக் கடலக் கண்டாப் போதும், தலைய நீட்டிருவீய" என்று அவர் என்னைக் கிண்டல் செய்வார். பதிலுக்கு நானும் ஏதாவது சொல்வேன். பெரிய சண்டையாக ஆனதில்லை.

ஆனால் வேளாங்கண்ணிக்குப் போகத்தான் முடியவில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர விசா ஸ்டாம்பிங் செய்ய வேண்டும். அங்கேயே மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும். கிரீன் கார்டு வரட்டும் என்றோம். அது வரவில்லை. கணவர் வேலை மாறினார், மறுபடி முதலிலிருந்து அப்ளை செய்தோம். அப்புறம் கொரோனா வந்தது. இங்கேயே எடுத்துவிடேன் என்று அக்கா போனில் சொன்னாள். இடத்தைச் சொல்லி நேர்ந்துகொண்டதை என் வசதிக்கு மாற்ற எனக்கு மனம் வரவில்லை. முதல் முடியைக் கொடுப்பதாகச் சொன்னதால் இடையில் கத்தரிக்கவும் முடியவில்லை. அவள் வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் ஒரு வயதில் மொட்டை போட்டு இரண்டு வயதில் கிராப்போடு திரிந்தபோது, இவள் டேகேருக்கு இரட்டைச் சடையோடு போனாள்.

போன குளிர்காலத்தில் கிரீன் கார்டு வந்தது. அன்றைக்கே டிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "நோ வே" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் பல நாள் எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் அப்பாவிடம்தான் சொன்னாள். அவளுக்கு வேண்டியது நீச்சல் குழுவில் ஓர் இடமும், தொப்பிக்குள் அடங்குகிற அளவுக்கு முடியும். ஆறாம் வகுப்பில் மொட்டைத் தலையோடு போய் உட்கார் என்று ஒரு பெண் பிள்ளையிடம் சொல்வது எவ்வளவு கொடுமை என்று எனக்கும் தெரியாமல் இல்லை.

ஆனால் எனக்குப் பயம். கொடுத்தவர் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்ற பயம். அவளுக்குக் கொஞ்சம் இளைப்பு உண்டு. ஒவ்வொரு பனிக்காலத்திலும் அவள் நெஞ்சு விசிலடிக்கும்போது எனக்கு அந்த நேர்ச்சைதான் ஞாபகம் வரும். நான் மருந்து கம்பெனியில் தரப் பரிசோதனையில் வேலை பார்ப்பவள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் இருக்கிறதென்று யாராவது சொன்னால் ஆதாரம் எங்கே என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்குள் வந்தால் அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை.

இந்த நிலைமையில்தான் சபையின் பெண்கள் கூட்டத்தில் பேசுகிற முறை எனக்கு வந்தது. எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஞாயிறு மதியம், அமெரிக்கர்கள் ஆராதனை முடித்துப் போன பிறகு அவர்களுடைய ஆலயத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். "வேதத்தில் கூந்தல்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். முக்காடு, அடக்கம் என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, வடையும் டீயுமாக முடித்துவிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் பழைய ஏற்பாட்டு எபிரெயர்களிடம், அந்தக் காலத்து யூதர்களிடம் போனேன். எனக்கு உள்ளே ஒரு கணக்கு இருந்தது. ஸ்லைடு போட்டுக் கொடு என்று மகளைக் கேட்டால், நேர்ச்சை எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளே படித்துத் தெரிந்துகொள்வாள், மனம் இளகுவாள் என்று நினைத்தேன்.

அவளும் சம்மதித்தாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். முடியைப் பற்றி அந்த ஜனங்கள் இவ்வளவு யோசித்திருப்பார்கள் என்று எனக்கே தெரியாது. விருந்து என்றால் தலையில் எண்ணெய், துக்கம் என்றால் தலையில் சாம்பல். செத்தவர்களுக்காக மொட்டை போடாதே என்று சட்டம் ஓரிடத்தில் சொல்கிறது. இன்னோரிடத்தில் ஊரே துக்கத்தில் தலையைச் சிரைத்துக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம். பலி செலுத்துகிற ஆசாரியன் மொட்டையும் போடக்கூடாது, முடியை நீளமாக விடவும் கூடாது. தோல் வியாதியிலிருந்து குணமானவன் புருவம் வரைக்கும் சிரைத்துக்கொண்டுதான் ஊருக்குள் வரலாம். போரில் பிடித்து வந்த பெண்ணை மணக்க நினைத்தால், முதலில் அவள் தலையைச் சிரைத்து, அப்பா அம்மாவை நினைத்து ஒரு மாதம் அழ விட வேண்டும். அதைப் படித்ததும் மகள் முகம் சுளித்தாள். நானும்தான்.

அப்புறம் விரதக்காரர்கள் வந்தார்கள். கடவுளுக்கென்று தன்னை நேர்ந்துகொண்டவன் திராட்சை தொடமாட்டான், பிணத்தின் பக்கம் போகமாட்டான், தலையில் கத்தி படவிடமாட்டான். நேர்ந்துகொண்ட நாட்கள் முடிந்ததும் ஆலயத்து வாசலில் அத்தனை முடியையும் சிரைத்துப் பலியின் நெருப்பிலேயே போட்டுவிடுவான். நடுவில் யாராவது அவன் பக்கத்தில் திடீரென்று செத்துவிட்டால் வளர்த்ததெல்லாம் வீண். சிரைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கிரீன் கார்டு மாதிரிதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மகள் இந்த இடத்தை இரண்டு தடவை படித்தாள். அவள் எனக்கு எப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மா, இதுல நேர்ந்துகிட்டவனே முடி வளக்கறான். அவனே எடுக்கறான். நீ நேர்ந்துகிட்ட, என் தலை எதுக்கு?"

நான் இதற்குத் தயாராகத்தான் இருந்தேன். "பிள்ளையில்லாத ஒரு அம்மா வேண்டிக்கிட்டாங்களே, படிச்சியா? பையன் பொறந்தா அவன் தலைல கத்தியே வைக்கமாட்டேன்னு சொன்னாங்க. அம்மா சொல்லலாம்."

"அந்தப் பையனை யாராவது கேட்டாங்களா?"

"அவன் அப்பப் பொறக்கவே இல்லையேடி."

"நானும் அப்பப் பாதிதான் பொறந்திருந்தேன்."

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. சிங்க் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவர் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அவருக்கு வேதம் தலைகீழ்ப் பாடம்.

"பொருத்தனைக்கு, அதான் ஒன் நேர்ச்சைக்கு, இன்னொரு சட்டமும் உண்டும்" என்றார். "பொண்டாட்டி நேர்ந்துக்கிடுததப் புருஷன் கேட்டு, அன்னைக்கே வேண்டாம்னுட்டாம்னா அது செல்லாது. கேட்டுட்டு அன்னைக்குச் சும்மா இருந்துட்டாம்னா நிலைச்சிரும்."

மகள் துள்ளி எழுந்தாள். "அப்பா! நீங்க அன்னிக்கி அங்க இருந்தீங்கல்ல? கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

அவர் கைத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஈரம் ஒன்றும் மிச்சமில்லை.

"இல்ல. 'ஆமென்'னு சொன்னேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷமாக என் நேர்ச்சையைக் கேலி செய்துகொண்டிருந்த மனிதர். "எனக்குக் கேக்கலியே" என்றேன்.

"சத்தமாச் சொல்லல. ஆனாச் சொன்னேன். அந்த நேரத்துல யாருட்ட கேட்டா என்னன்னு இருந்துச்சு."

மகள் விடவில்லை. திரையில் இன்னும் கொஞ்சம் கீழே படித்துக்கொண்டு போனாள். "லேட்டா கேன்சல் பண்ணினா?"

"பொறவு ரத்து பண்ணினாம்னா, அந்தக் குத்தம் பொண்டாட்டிக்கு இல்ல. புருஷன் சுமக்கணும்."

"அப்போ கேன்சல் பண்ணுங்கப்பா."

"வெளையாட்டா இது?" என்று நான் கத்தினேன்.

அவர் என்னைத்தான் பார்த்தார். "வெளையாட்டு இல்ல. அவ தலை, அவ வேண்டாங்கா. நான் ரத்து பண்ணுதேன். நீ பயப்படாத" என்றார். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். நீ பயப்படாதே என்று சொல்வதற்கு அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அவரிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை மகளின் முடியை வெட்டப் போனபோது நான்தான் காரோட்டினேன். பக்கத்து ஊரான ஐசலினில், நான் புருவம் திருத்திக்கொள்கிற பார்லர். குஜராத்தி ஆன்ட்டி பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, நிஜமாகவா என்று என்னிடம் கேட்டார். மகளிடம் கேளுங்கள் என்றேன். தாடை வரைக்கும் என்று அவள் கையால் காட்டினாள். பின்னல் ஒரே வெட்டில் போகவில்லை. கத்திரிக்கோலை நாலைந்து தடவை அழுத்த வேண்டியிருந்தது. நோயாளிகளுக்கு விக் செய்யத் தானம் கொடுக்கிறீர்களா என்று ஆன்ட்டி கேட்டார். மகள் தோளைக் குலுக்கினாள். கடைசியில் தரையில் விழுந்த துணுக்குகளோடு சேர்த்து அதையும் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினார்கள். எழுந்துபோய்ப் பொறுக்கிவிடுவேனோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மகள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே காரில் ஏறினாள். ரொம்ப அழகாக இருந்தாள். வருகிற வழியில் ஒரு தடவை இருமினாள். நான் காரை ஓரம் கட்டிவிட்டேன். "அம்மா, சும்மா இருமல்மா" என்றாள்.

ஞாயிறு, சபைக்குக் கிளம்புகிற நேரத்தில் கணவர் குளியலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. டிரிம்மர் சத்தம் கேட்டது. தாடிதான் எடுக்கிறார் என்று நினைத்தேன். கதவைத் திறந்துகொண்டு மழுங்கச் சிரைத்த மொட்டைத் தலையோடு வந்து நின்றார். இந்த வயதிலும் முடி அவருக்கு அடர்த்தி. சட்டைப்பையில் சீப்பு வைத்துக்கொள்கிற ஆள் அவர். வலது காதுக்கு மேலே வெட்டி, ரத்தம் கசிந்திருந்தது. மகள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, பஞ்சு எடுத்துவரப் போனாள்.

எனக்கு வாயில் வந்தது, "வேளாங்கண்ணின்னுல்ல சொன்னேன்" என்பதுதான்.

"மாதாவுக்குக் கோவம்னா எங்கிட்ட வந்து கேக்கட்டும். ஒன்னயும் பிள்ளையயும் கேக்கப்பிடாது" என்றார். "கெளம்பு, நேரமாவுது."

சபையில் நாங்கள் நுழைந்ததும் எல்லாரும் அவர் தலையைத்தான் பார்த்தார்கள். நேர்ச்சை மொட்டை இல்லாத சபையில் மொட்டைத் தலையைக் கண்டால், தமிழ் மனசுக்கு முதலில் தோன்றுவது சாவுதான். ஓர் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு உடம்புக்கு ஏதாவது, ட்ரீட்மென்ட் எடுக்கிறாரா என்று காதோரம் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் சபையிலேயே மூத்த அங்கிள் ஒருவர் கணவரிடம் போய், அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஊர்ல அப்பாவா தம்பி? ஒரு வார்த்தை சொல்லலியே?"

"யாரும் சாகல அங்கிள்" என்றார் கணவர். பக்கத்தில் நின்ற மகளின் தோளில் கை வைத்தார். "இவ பொழச்சுக்கிட்டா. அதுக்குத்தான்."

அங்கிள் பதறிப்போய் அவளைப் பார்த்தார். "ஐயோ, பிள்ளைக்கு என்னாச்சு? எப்போ?"

"பதினோரு வருஷமாச்சு அங்கிள்."